மலைக்கு எல்லை வேண்டும். எல்லைக்குள் எளியவருக்கு முதலிடம் வேண்டும்

(சீசனை முன்னிட்டு கொடைக்கானலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீசன் வருகிறது என்றால் இந்த ஊரில் ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான பேச்சு எழும். வாடகைக் கார் ஓட்டுகிறவரும், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கிறவரும், சாக்லெட் கடை வைத்திருப்பவரும், குதிரைக்குக் கொள்ளு வாங்குகிறவரும் ஏப்ரல், மே மாதங்களை நம்பித்தான் ஆண்டு முழுவதும் கடன் வாங்குகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கடை வாடகை, வட்டி எல்லாம் அந்த அறுபது நாள் வருமானத்திலிருந்து வரவேண்டும். அதே வீட்டில் இருக்கும் தாய்க்கோ வேறு கவலை. குழாயில் தண்ணீர் வரும் நாள் தள்ளிப் போகுமே, மருந்து வாங்க மூஞ்சிக்கல் வரை போய்வர அரைநாள் ஆகுமே, யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் 108 வண்டி வரிசையில் நின்றுவிடுமே என்ற கவலை.

இரண்டு கவலையும் நியாயமானவை. ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட்டு மற்றொன்றை மட்டும் பேசுவது எளிது. மேடைக்கு மேடை அப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதற்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கணக்கைப் பாருங்கள்

1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து வந்து இங்கே வீடு கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைநீரைத் தேக்கி ஏரியை அமைத்தார். 1899-ல் நகராட்சி ஏற்பட்டது. மலைப்பாதை வந்தது, மோட்டார் வண்டி வந்தது. சில நூறு பேருக்காக உருவான ஊர் இன்று 24 வார்டுகள் கொண்ட நகரமாக வளர்ந்து நிற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027 என்று அரசு அறிவித்தது. ஆகவே இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது பழைய எண்ணைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஊரில் குடியிருப்பவர்களின் எண். வந்துபோகிறவர்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

2024 ஏப்ரல் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையைக் கொண்டுவர ஆணையிட்டது. அவ்வாண்டு மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் எண்ணிக்கைக்குத் தடை இல்லை. எத்தனை வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்வதே நோக்கம். இந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. பிறகு 2025 மார்ச் 13 அன்று நீதிமன்றம் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது. அந்தக் கோடைக்கு ஏப்ரல் 1 முதல் கொடைக்கானலுக்கு வாரநாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள். நீலகிரிக்கு 6,000-மும் 8,000-மும்.

ஒரு வண்டிக்குச் சராசரி நான்கு பேர் என்று வையுங்கள். வாரநாளில் 16,000 பேர். வார இறுதியில் வண்டிக்கு ஐந்து பேர் என்றால் 30,000 பேர். அரசுப் பேருந்தில் வருகிறவர்கள் இதில் சேரவில்லை. அதாவது, வரம்பு போட்ட பிறகும் ஒரே சனிக்கிழமையில் ஏறத்தாழ இன்னொரு கொடைக்கானல் இந்த மலை மீது ஏறிவிடுகிறது! அவர்களுக்கும் தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், குப்பை போட இடம் வேண்டும். மனோரஞ்சிதம் அணையிலும் அப்சர்வேட்டரி அணையிலும் இருக்கும் நீர் அதே அளவுதான். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக அணை பெருகிவிடாது.

வரம்பு யாருக்கு எதிரி?

2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் இந்த வரம்பை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள். நம் ஊரிலும் அதே மனக்குறை உண்டு. அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் 31. மறுநாள் ஏப்ரல் 1-ல் வரம்பு தொடங்கியது. வத்தலக்குண்டு, பெரியகுளம், உத்தமபாளையம், கம்பம் போன்ற ஊர்களில் பெருநாள் முடிந்ததும் வேன் பிடித்து மலையேறுவது நம் மக்களுக்கு எத்தனையோ ஆண்டுப் பழக்கம். அதனால், ‘நம் பெருநாள் வியாபாரத்தில் கைவைத்துவிட்டார்கள்’ என்று சிலர் பேசினார்கள்.

சகோதரர்களே! நிதானமாக யோசியுங்கள். இந்த ஆணை எந்தச் சமூகத்தையும் குறிவைத்து வந்ததல்ல. மலையையும் காட்டையும் காக்க வந்தது. எல்லாவற்றிலும் நமக்கு எதிரான சூழ்ச்சியைத் தேடுகிறவர்கள், உண்மையான அநீதி வரும்போது பேசும் தகுதியை இழந்துவிடுவார்கள்.

எல்லை வகுப்பது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. மதீனாவைப் புனித எல்லையாக்கி, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பொதுநலனுக்காக ஒதுக்கிக் காக்கப்படும் நிலத்துக்கு ஹிமா என்று பெயர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அத்தகைய மேய்ச்சல் நிலம் ஒன்றுக்கு ஹுனைய் என்ற பணியாளரைக் காவலராக நியமித்தார்கள். அப்போது அவருக்கு அளித்த அறிவுரை புகாரி நூலில் பதிவாகியிருக்கிறது. அதன் சாரம் இதுதான்: அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சிக்கொள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடு. உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகளுக்கு இடம் தராதே. அவர்களுடைய கால்நடை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் இருக்கின்றன. எளியவனின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான்.

கவனியுங்கள். அந்த இருவரும் சாதாரணமானவர்கள் அல்லர். மிக உயர்ந்த நபித்தோழர்கள். அவர்கள் மீது கலீஃபாவுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் புல் குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு அவர் விடை சொன்னார். வாசல் வேண்டும், காவலும் வேண்டும். வாசலில் எளியவனுக்கு முதலிடமும் வேண்டும்.

எனவே வரம்பை நீக்கு என்பது நம் கோரிக்கை அல்ல. வரம்புக்குள் எளியவர் எங்கே நிற்கிறார் என்பதே நம் கேள்வி. ஒரே ஒருவர் ஏறிவரும் சொகுசுக் காரும், பதினைந்து பேர் ஏறிவரும் வேனும் கணக்கில் ஒவ்வொரு வண்டிதான் என்றால், அந்தக் கணக்கில் நியாயம் குறைகிறது. இணையத்தில் முந்திப் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு வழி திறக்கிறது. செல்போனில் விரல் வைக்கத் தெரியாத முதியவருக்கு வழி அடைக்கிறது. பெரிய ரிசார்ட்டுக்கு விருந்தினர் எப்படியும் வந்துவிடுவார்கள். நான்கு அறை வைத்திருப்பவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும்தான் முதல் அடி விழுகிறது.

மலை கற்றுத்தந்த இரண்டு பாடங்கள்

வரம்பு இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் இரண்டு முறை பார்த்துவிட்டது.

முதலாவது பிளசன்ட் ஸ்டே ஓட்டல். இரண்டு தளத்துக்கு அனுமதி பெற்ற கட்டடம் ஏழு தளமாக உயர்ந்தது. 1994-ல் அதற்கு அரசே விலக்கு அளித்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினர் வழக்காடினார்கள். உயர்நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. அதுதொடர்பான வழக்கில் 2000 பிப்ரவரி 2-ல் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தனிநீதிமன்றம் தண்டனை விதித்தது. அன்று நடந்த வன்முறையில் தர்மபுரி அருகே பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் உயிரோடு கருகினார்கள். 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வழக்கு முடிந்தது. மூன்று தாய்மார்களின் கண்ணீர் முடியவில்லை. ஒரு மலைநகரின் கட்டட விதியை மீறிய செயல் எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது பாருங்கள்!

இரண்டாவது பாதரசம். 1980-களில் இங்கே வந்த வெப்பமானி ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகள்! வேலை தருகிறோம் என்று சொல்லி வந்ததை, என்ன கொண்டுவருகிறாய் என்று கேட்காமல் உள்ளே விட்டதன் விலை அது.

அந்த ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. அங்கே விழும் மழை கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. பேரிஜம் பக்கத்து நீர் சோத்துப்பாறைக்குப் போகிறது. மஞ்சளாறு, மருதாநதி, பழனியின் பாலாறு பொருந்தலாறு எல்லாம் இந்த மலையின் பிள்ளைகள். கப்பலின் மேல்தளத்தில் சிலரும் கீழ்த்தளத்தில் சிலரும் பயணம் செய்த உவமையை நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஒரு தளத்தார் தங்கள் இடம்தானே என்று ஓட்டை போட்டால், தடுக்காமல் இருந்தவர்களும் சேர்ந்தே மூழ்குவார்கள். மேலே நாம், கீழே பெரியகுளமும் வத்தலக்குண்டும் பழனியும். நாம் மேலே எறிவதைத்தான் அவர்கள் கீழே குடிக்கிறார்கள்.

நகராட்சியிடம் கேட்க வேண்டியவை

குறை சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். 2016-க்குப் பிறகு பல ஆண்டுகள் தமிழக நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகள் ஆட்சி நடந்தது. 2022 பிப்ரவரி 19-ல்தான் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. கிராமசபை போல நகரத்திலும் மக்கள் உட்கார்ந்து பேசலாம், கணக்குக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். இது சட்டம் தந்த உரிமை. பெண்களும் இளைஞர்களும் அங்கே வந்து உட்கார வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் பகுதி சபை நடக்கும் நாளை ஜும்ஆ அறிவிப்பில் சொல்ல வேண்டும். வேற்று மதத்துப் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழாய்க்குச் சாதி மதம் கிடையாது.

கேட்க வேண்டியவை ஐந்து.

ஒன்று: சீசன் நாட்களில் குடியிருப்புகளுக்கான குடிநீர் முறை எது என்று வார்டுவாரியாக முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். வீடுகளுக்குப் போக மீதிதான் விடுதிகளுக்கு.

இரண்டு: 2024-ல் மாவட்ட நிர்வாகம் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களுக்குத் தடை விதித்து, மீறினால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று அறிவித்தது. நல்லது. அப்படி வசூலான தொகை எவ்வளவு, எதற்குச் செலவானது என்பதை மக்கள் முன் வைக்க வேண்டும். கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் வரி மீது நம்பிக்கை வரும்.

மூன்று: வத்தலக்குண்டு, பழனி, தேனி, திண்டுக்கல்லிலிருந்து சீசனில் கூடுதல் அரசுப் பேருந்து விட வேண்டும். பேருந்தில் வருகிறவருக்கு இ-பாஸ் வேண்டியதில்லை. எளியவருக்கு மலையின் வாசல் அரசுப் பேருந்துதான்.

நான்கு: 108 வண்டிக்கு மலைப்பாதையிலும் ஏரிச்சாலையிலும் தடையில்லா வழி. நம்மில் கடை வைத்திருப்பவர்கள் சாலையில் ஓரடி நீட்டி வைத்திருக்கும் பெட்டியை முதலில் நாமே உள்ளே இழுத்துவிட்டு இதைக் கேட்போம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்த சமுதாயம், தொல்லையைத் தானே வைக்கலாமா?

ஐந்து: குப்பை வண்டி ஓட்டும், சாக்கடை தள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்குச் சீசனில் கூடுதல் ஆட்கள், கையுறை, மழைச்சட்டை, உரிய கூடுதல் கூலி. முப்பதாயிரம் பேரின் குப்பையை மூவாயிரம் பேருக்கான கூலியில் அள்ளச் சொல்வது அநீதி.

சீசன் தகவல்கள்

இனி, ஊரில் இருப்போரும் வரப்போகும் உறவினர்களும் மனதில் வைக்க வேண்டிய சில செய்திகள்.

கீழேயிருந்து மச்சானோ சம்பந்தியோ வருகிறேன் என்றால், அந்த ஆண்டு நடப்பில் இருக்கும் இ-பாஸ் விதி என்ன என்று விசாரித்துப் பதிவு செய்துவிட்டே புறப்படச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாற வேண்டாம். இளைஞர்கள் மஹல்லாவில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து தெரியாதவர்களுக்குப் பதிவு செய்து கொடுத்தால் அதுவும் ஒரு தர்மம். ஜமாஅத்தாகச் சேர்ந்து வருகிறவர்கள் நீளமான சுற்றுலாப் பேருந்தை அமர்த்த வேண்டாம். 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்கு 2024 நவம்பரில் மலைப்பாதையில் தடை விதிக்கப்பட்டது. கொண்டை ஊசி வளைவில் அவை திரும்ப முடியாமல் நின்றால் மலை முழுவதும் நின்றுவிடும்.

பிரியாணி தேக்சாவோடு வந்து சாலையோரம் அடுப்பு மூட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இலையையும் எலும்பையும் காட்டில் எறிந்தால் காட்டெருமையும் குரங்கும் பன்றியும் தெருவுக்கு வரும். நாளை பள்ளிக்குப் போகும் குழந்தைதான் அதன் எதிரில் நிற்கும். தெருவில் காட்டெருமையைக் கண்டால் செல்போனோடு அருகே போக வேண்டாம்.

2024 பிப்ரவரியில் ‘மஞ்சும்மெல் பாய்ஸ்’ படம் வந்தபின் குணா குகையைப் பார்க்க இளைஞர்கள் திரண்டார்கள். வேலி போட்டிருப்பது வேடிக்கைக்கு அல்ல; உள்ளே விழுந்தவர்களின் வீட்டைக் கேட்டுப் பாருங்கள். டால்பின் மூக்குப் பாறை விளிம்பில் நின்று படம் எடுப்பது வீரம் அல்ல. உயிர் அமானிதம்.

மே மாதத்தில் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும் நாட்களில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். ஊர்க்காரர்கள் மருத்துவமனை, வங்கி வேலைகளை முற்பகலுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மாதாந்திர மருந்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருக்கும் பெண்களை வார இறுதிக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

விடுதி, வாடகை வீடு நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் வந்தது என்று ஐந்நூறு ரூபாய் அறைக்கு மூவாயிரம் கேட்பது வியாபாரம் அல்ல, அவசரத்தைச் சுரண்டுவது. உங்கள் சொந்த ஊர்க்காரர் வாடகைக்கு இருக்கும் வீட்டைச் சீசனுக்காகக் காலி செய்யச் சொல்வது அதைவிடக் கொடுமை. ஆசிரியரும் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் குடியிருக்க வீடில்லாத ஊர், எத்தனை விடுதி கட்டினாலும் ஊராக இருக்காது.

விருந்தாளியும் வீட்டுக்காரரும்

விருந்தோம்பலை ஈமானோடு சேர்த்துச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், விருந்துக்கு மூன்று நாள் என்ற எல்லையையும் வகுத்தார்கள். வீட்டுக்காரரைச் சிரமப்படுத்தும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகாது என்றும் எச்சரித்தார்கள். வீட்டுக்காரர் முகம் சுளிக்கக் கூடாது. விருந்தாளி பாரமாகக் கூடாது. இந்த இரண்டு கடமையும் சேர்ந்தால்தான் விருந்து.

இந்த மலை நம் எல்லோருக்கும் வீட்டுக்காரி. கீழேயிருந்து வருகிறவர் மட்டுமல்ல, இங்கே பிறந்த நாமும் அவளுடைய விருந்தாளிகள்தான். 2018-ல் பூத்த குறிஞ்சி 2030-ல் மீண்டும் பூக்கும். அப்போது வரப்போகும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீரும் கழிப்பறையும் பேருந்தும் குப்பைக் கிடங்கும் அதற்கு இப்போதிருந்தே திட்டமிடப்பட வேண்டும். 2022-ல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தோடு நிறைவடையும் காலம். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், எங்கள் கட்சியே ஆனாலும், அவரிடம் கேளுங்கள்: குறிஞ்சி பூக்கும் ஆண்டில் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமா? வாசலில் எனக்கு முதலிடமா, பணக்காரனின் மந்தைக்கு முதலிடமா?

விடை சொல்லத் தெரியாதவருக்கு வாக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் இந்த மலையையும் இதை நம்பி வாழும் எல்லா மக்களையும் காத்தருள்வானாக! அஸ்ஸலாமு அலைக்கும்.